கை நீட்டும் தூரத்தில் பழைய பனி

மரங்கள் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை என்ற கருத்து, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரிடமும் பரவியிருக்கிறது. பள்ளிக்கூடங்களில்கூட இதை யாரும் கண்டிப்பதில்லை என்பதால், மேற்கொண்டு எதையும் சொல்வதற்கு முன் அதைத் திருத்திவிடுவது கடமையாகிறது. மரங்கள் நகரும். உலகம் குளிர்ந்தால் மலையை விட்டு இறங்கும், உலகம் சூடானால் மலைமேல் ஏறும்; ஒரு தலைமுறை நாலடி தள்ளி விதை போட்டு, அந்த விதை மரமாகி இன்னும் நாலடி தள்ளிப் போட்டு, இப்படியே ஒரு மலையை ஏறி முடிக்க இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நேரம் நின்று பார்க்க நமக்குப் பொறுமை இல்லை என்பது மரத்தின் குற்றம் ஆகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வழியில் எதிர்ப்பட்ட வேற்றின மரத்தோடு கலந்து பிள்ளை பெற அவை தயங்கியதாகவும் எந்தச் சான்றும் இல்லை.

இரட்டைக்கரடு ஊரார் இந்த இரண்டையும் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவர்களிடம் வலுவான காரணம் இருந்தது. நம்பினால் கல்யாணம் நின்றுவிடும்.

இரட்டைக்கரடு, மலையின் பாதி உயரத்தில் இருக்கிற ஊர். மேலத்தெரு ஒன்று, கீழத்தெரு ஒன்று. மேலத்தெருக்காரர்கள் தங்கள் முன்னோர் மலையுச்சியிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்றும், கீழத்தெருக்காரர்கள் தங்கள் முன்னோர் அடிவாரத்திலிருந்து ஏறி வந்தவர்கள் என்றும் சொல்லிக்கொள்வார்கள். இறங்கியது ஏன் பெருமை, ஏறியது ஏன் குறைச்சல் என்பதை இதுவரை யாரும் விளக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உச்சியில் தடித்த இலையோடு முளைக்கிற பனிநாரத்தை மேலத்தெருவின் மரம். அடிவாரத்து ஓடைக்கரையில் மெல்லிய இலையோடு முளைக்கிற வெயில்நாரத்தை கீழத்தெருவின் மரம். கல்யாணப் பந்தலில் முதலில் நடுகிற கொம்பு அவரவர் மரத்திலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும். கலப்பு மரத்துக் கொம்பை நட்டுக் கட்டுகிற தாலி, தாலி ஆகாது. உச்சிக்கு ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், நாலு தலைமுறைக்கு முன்னால் முழங்கால் வலிக்காரர் ஒருவர், மேலத்தெருக் கோடியில் தானாக நின்றுகொண்டிருந்த ஒரு பெரிய நாரத்தையின் இலையைக் கசக்கி மோந்து பார்த்து, இதுவும் பனிநாரத்தைதான் என்று அறிவித்தார். மற்றவர்களுக்கும் முழங்கால்கள் இருந்தபடியால் அது அப்போதே வழக்கமாகிவிட்டது.

இரண்டு தெருவுக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல், ஒரே ஒரு வீடு. மேலத்தெருப் பெண்ணும் கீழத்தெரு ஆணும் ஊரை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு கட்டிய வீடு அது. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ரெண்டுங்கெட்டான் வீடு என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவர்களின் ஒரே மகன் மாதையன் தையல்காரர். மாதையனுக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை, இப்படிச் சிலர் பிறப்பதுண்டு, இரத்தத்துக்கும் தெருவுக்கும் இதில் சம்பந்தமில்லை என்று கீழ்நாட்டு மருத்துவர் மூன்று முறை சொல்லியும், கலப்புக்குக் கிடைத்த கூலி அது என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் சொல்லின. அவர்கள் ஒரே குரலில் பேசிய விஷயம் அந்த ஒன்றுதான். கோடையில் உச்சி வெயில் ஏறினால் மாதையனின் உடம்பு அடுப்பில் வைத்த சட்டி போலக் கொதிக்கும். அவர் மனைவி தீர்த்தம்மாள், வேறு மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கோணிச்சாக்கை நனைத்து நனைத்து அவர்மேல் போடுவாள். போன சித்திரையில் மாதையன் மூன்று முறை மயங்கி விழுந்தார். இன்னொரு கோடையை இப்படித் தாண்ட முடியாது என்று மருத்துவர் தீர்த்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலையிலிருந்த நாரத்தை மரங்கள் ஒவ்வொன்றும், கை நீட்டும் தூரம் வரைக்கும், தன் முன்னோர் வாழ்ந்த காலத்து வானிலையைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டன.

உச்சியில் இருந்த மரங்களைச் சுற்றிப் பனி கொட்டியது. கையை உள்ளே நீட்டினால் முழங்கை வரை விறைத்தது, முழங்கைக்கு மேல் வியர்த்தது. அடிவாரத்து மரங்களைச் சுற்றி, இந்த நாட்டில் யாரும் கண்டிராத ஒரு வறண்ட காற்று, எப்போதோ காய்ந்துபோன ஏரியின் புழுதியை வாரிக்கொண்டு ஓயாமல் சுற்றியது. நடுச்சரிவில் ஒரு மரம் விடாமல் தூறலில் நின்றது. இன்னொன்றின் கிளைகளுக்குள் தீக்குச்சி நீளத்தில் மின்னல் வெட்டி, அதற்குத் தகுந்த சின்னச் சத்தத்தோடு இடி இடித்தது. ஏன் இப்படி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் எல்லோரும் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையில் இருந்தார்கள். புதன்கிழமைக்குள் அடிவாரத்து மரங்களைச் சுற்றி வடகம் காய்ந்தது. வியாழக்கிழமை உச்சி மரங்களின் அடியில் இட்லி மாவுப் பாத்திரங்கள் வரிசை பிடித்தன. தூறல் மரத்தடியில் பாத்திரம் துலக்குவது யார் முதல் என்று இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். வனக்காவலர் ஒருவர் வந்து, பனி என்பது வனப்பொருளா, அதை ஊருக்குள் எடுத்துப்போக அனுமதி வேண்டுமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். அங்கிருந்து, எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்டு வந்தது. பனியை நிறுக்கத் தராசை எடுத்துக்கொண்டு ஏறியவர், உச்சியிலிருந்து இரண்டாவது வளைவுக்குள் அது தண்ணீராகிப் போவதைக் கண்டு, தண்ணீர் வனப்பொருளா என்று அடுத்த கடிதம் எழுதினார்.

மேலத்தெருக் கோடியில் நின்ற பெரிய நாரத்தை மட்டும் சங்கடம் செய்தது. அதன் வடக்குப் பாதியில் பனி பெய்தது, தெற்குப் பாதியில் அனல் அடித்தது.

"கீழத்தெரு அடுப்புப் புகை அந்தப் பக்கமா வருதில்ல, அதான்," என்றார் ஊர் மணியக்காரர் வரதப்பன். மேலத்தெரு முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. கீழத்தெருவில் அடுப்பு எரியாத நேரத்திலும் அனல் அடித்ததை யாரோ சுட்டிக்காட்டியபோது, அது நேற்றைய புகை என்று விளக்கம் வந்தது.

தீர்த்தம்மாள் விளக்கம் எதையும் தேடவில்லை. அவள் அந்த மரத்தைச் சுற்றி வந்து, வடக்கில் ஒரு தடவை நடுங்கி, தெற்கில் ஒரு தடவை தகித்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடிமரத்தை ஒட்டி மெல்ல அடி எடுத்து வைத்து, பனியும் அனலும் ஒன்றையொன்று தொட்டுக் கலக்கிற ஒரு வரப்பைக் கண்டுபிடித்தாள். ஒரு தையல் மெஷின் அகலம் இருக்கும். அங்கே மார்கழி மாதத்துக் காலை ஒன்பது மணி. அன்று பிற்பகலே மெஷினை அங்கே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டாள். மாதையன் அதன் முன்னால் உட்கார்ந்து, சித்திரை பிறந்தும் மயங்காமல், ஊர்ப் பெண்களின் ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"உள்ளங்கால் சில்லுன்னு இருக்குது தீர்த்தம். நாற்பது வருஷமா இந்தக் காலு எனக்கு இருக்குதுன்னே தெரியல."

இதற்கிடையில் மணியக்காரரின் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்த பக்கத்து மலைக்காரர்கள், உங்கள் கொம்பு மரத்துக்கு இரண்டு வானிலையாமே, உண்மையா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மணியக்காரர் பதறிப்போய், அந்த மரம் சுத்தமான பனிநாரத்தை என்று எழுதி வாங்க, கீழே கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற ஹெலன் பாக்கியம் என்ற பேராசிரியையை ஜீப் வைத்துக் கூட்டி வந்தார். சான்றிதழ் கேட்டு வருபவர்கள் விடையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருவது உலக வழக்கம். அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மூன்று நாள் மலை முழுக்க ஏறி இறங்கி, நானூற்றுப் பதினேழு மரங்களின் எட்டுத் திக்கிலும் வெப்பமானியைப் பிடித்து எழுதிக்கொண்டு, நான்காம் நாள் கோயில் மைதானத்தில் ஊரைக் கூட்டி உட்கார வைத்து விளக்கினார்.

"இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால ரொம்பக் குளிர் காலம் ஒண்ணு இருந்தது. உச்சியில இருந்த மரம் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கிச்சு. கீழே இருந்ததோட கலந்துச்சு. அப்புறம் பூமி சூடாச்சு, திரும்ப ஏறிச்சு. ஏறும்போது கலந்ததையும் தூக்கிட்டுத்தான் ஏறிச்சு. இப்படி ஒரு தடவை இல்ல, பல தடவை நடந்திருக்கு. இந்த மலையில கலக்காத நாரத்தை ஒண்ணுகூடக் கிடையாது."

"உச்சியில இருக்கறதுமா?" என்றார் மணியக்காரர்.

"உச்சியில இருக்கறதுலயும் வேர்ப்பக்கம் ஒரு சாண் அளவு வெதுவெதுப்பு இருக்கு."

"அது யாரோ உட்கார்ந்துட்டுப் போன சூடும்மா."

கீழத்தெருக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர்களுடைய ஓடைக்கரை மரத்தின் கிழக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை பனி இருப்பதாகப் பேராசிரியை அடுத்த பக்கத்தைப் புரட்டிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அம்மா, நீங்க எந்தத் தெரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார்.

"நான் ஊருக்கே புதுசுங்க."

"அதான பார்த்தேன்," என்று அவர் உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு விஷயம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. கலந்த மரங்கள்தான் போன பஞ்சத்தில் பிழைத்துக் காய்த்தன, கலப்பு குறைவான உச்சி மரங்கள் பத்து வருஷமாகப் பூக்கக்கூட இல்லை என்று பேராசிரியை கடைசியாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ஜீப் வளைவு திரும்பியதும் ஊர்க்கூட்டம் தொடர்ந்தது. மரமே இல்லையென்றால் கலப்பும் இல்லை என்ற யோசனையை முதலில் சொன்னவர் பூசாரி சென்றாயன். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. பெரிய நாரத்தையை வெட்டி வேரைத் தோண்டிவிட்டு, இனி உச்சியிலிருந்தே கொம்பு கொண்டுவருவது, அந்தப் பேராசிரியை வந்ததையே மறந்துவிடுவது என்று மணியக்காரர் தீர்ப்பை முடிக்கும் நேரத்தில், பெண்கள் பேசக்கூடாத கூட்டத்தின் ஓரத்திலிருந்து தீர்த்தம்மாள் பேசினாள்.

"மணியக்காரரே, அந்த மரத்தடி இல்லேன்னா என் வீட்டுக்காரர் இந்த அக்கினி நட்சத்திரத்தத் தாண்ட மாட்டாருங்க."

"அதுக்கு ஊர் என்னம்மா பண்ணும்? அவன் ஒருத்தனுக்காகக் குலம் கெட்டுப்போகணுமா?"

"சரிங்க. அப்ப வெட்டுங்க. ஆனா எதுக்கு வெட்டறோம்னு எழுதி, கலப்பு மரம்னு கையெழுத்துப் போட்டுட்டு வெட்டுங்க. நாலு தலைமுறையா அந்த மரத்துக் கொம்பு நட்டுத்தான மேலத்தெருவுல எல்லாருக்கும் தாலி கட்டுனீங்க? உங்களுக்கு, உங்க அப்பாருக்கு, பூசாரிக்கு. அதெல்லாம் இப்பத் தாலியா, கயிறா? அதையும் அதுலயே எழுதிருங்க."

மணியக்காரரின் மனைவி பாப்பாத்தி, முப்பத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள், மடியில் இருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அட, நெசமாவா! அப்ப இந்த ஆளுக்கு நான் ஒண்ணும் ஆகமாட்டனா? இத மொதல்லயே சொல்லியிருந்தா இன்னிக்குக் காலையில களி கிண்டியிருக்க மாட்டனே. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் பொறப்படறன், யாராச்சும் பஸ்ஸை நிறுத்துங்க."

அவளைத் தொடர்ந்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டுமே வருகிற பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற மனிதர்கள் காட்டுகிற சுறுசுறுப்பை உண்மையைத் தேடுவதில் காட்டியிருந்தால் இரட்டைக்கரட்டிலிருந்து இந்நேரம் பல அறிஞர்கள் கிளம்பியிருப்பார்கள். கால் மணி நேரத்தில் தீர்ப்பு மாறியது. பெரிய நாரத்தை சுத்தமான பனிநாரத்தைதான். தெற்கில் அடிக்கிற அனல், உள்ளே இருக்கிற அம்மனின் கோபம். அம்மன் என்று தெரிந்தபின் கண்டவர் பார்வையில் விடக்கூடாது என்பதால் சுற்றிலும் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டு, பூட்டி, சாவியை மணியக்காரர் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மனுக்கு நாரத்தையம்மன் என்று பெயர் வைத்து, தலவரலாறு எழுத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை நியமித்தார்கள். மரம் பிழைத்தது. மூன்றாம் நாள் ஹாலோ பிளாக் சுவர் ஆளுயரம் எழும்பியதும், மாதையனையும் தையல் மெஷினையும் வெளியே தூக்கி வைத்தார்கள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

தீர்த்தம்மாள் சாக்குகளை நனைத்தாள். உச்சி மரங்களுக்கு அவரைத் தூக்கிப்போக முடியுமா என்று கேட்டதற்கு, அந்தப் பனியில் அரை மணி நேரம் இருந்தால் இரத்தம் உறைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். அடிவாரம் பேச்சுக்கே இடமில்லை. நடுவில் தூறல் மரத்தடியில் படுக்க வைத்தாள். ஒரே நாளில் சளி பிடித்து மூச்சிரைத்தது. நாலாம் நாள் மாதையன் பேசுவதை நிறுத்தினார். ஐந்தாம் நாள் அவர் நெற்றியில் வைத்த ஈரத்துணியிலிருந்து ஆவி கிளம்புவதை அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் செவுத்த இடிச்சுருவன்," என்றாள். மாதையன் வேண்டாம் என்று விரலை அசைத்தார்.

இடிக்க வேண்டி வரவில்லை. அம்மனாகிவிட்ட மரத்துக்கு உச்சிப்பொழுதில் விளக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை ஊர் யோசிக்கவில்லை. முதல் நாள் உள்ளே போன பூசாரி சென்றாயன், இடது காது விறைத்து வெளுத்தும் வலது கன்னம் கொப்பளித்தும் வெளியே வந்தார். இரண்டாம் நாள் வடக்கில் வைத்த விளக்கில் எண்ணெய் உறைந்தது, தெற்கில் வைத்த விளக்கில் திரிக்கு முன்பே எண்ணெய் பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் அவருக்கு வயிற்றுவலி. நாலாம் நாளும் வயிற்றுவலி. அவர் தம்பிக்கும் வந்தது. வேறு யாராவது உள்ளே போகலாம் என்று மணியக்காரர் கேட்ட எல்லா வீட்டிலும் அன்றைக்கு யாராவது ஒருவருக்கு வயிற்றுவலி இருந்தது. விளக்கு எரியாத அம்மன் என்று பக்கத்து மலைக்குச் சேதி போனால் சம்பந்தம் நின்றுவிடும்.

ஆறாம் நாள் காலையில் மணியக்காரர் வரதப்பன், தன் வாழ்க்கையில் முதல்முறையாக, ரெண்டுங்கெட்டான் வீட்டு வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"தீர்த்தம், உன் வீட்டுக்காரனுக்கு உள்ள அந்த எடம் தெரியுமாமே."

"எந்த எடமுங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத தாயி. ஒரு நேரம் போய் வெளக்குப் போட்டுட்டு வரட்டும்."

"ஒரு நேரம்னா முடியாதுங்க. காலையில பத்துக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வருவாரு. பூசாரின்னு எல்லாருக்கும் சொல்லணும். சாவி இங்க இருக்கணும்."

மணியக்காரர் மரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "சரி."

"மெஷினும் உள்ள போகும்."

"பூசாரி தையல் மெஷின் மிதிக்கறதா? ஊரு சிரிக்கும்மா!"

"ஏன், அம்மன் துணி உடுத்த மாட்டாளா?"

அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்கச் சற்று நேரம் ஆனது. முடிச்சு இறுகியிருந்தது. தீர்த்தம்மாளும் பாப்பாத்தியும் ஆளுக்கொரு தோளாக மாதையனைத் தாங்கிக்கொண்டுபோய் அந்த வரப்பில் கிடத்தினார்கள். பாப்பாத்தி எப்போது வந்தாள், யார் கூப்பிட்டார்கள் என்பது தெரியவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மாதையன் கண் திறந்து, தண்ணீர் கேட்டு, குடித்து, பாதியில் நின்றுபோன ரவிக்கை யாருடையது என்று விசாரித்தார்.

தலவரலாறு மூன்று மாதத்தில் அச்சாகி வந்தது. மலையுச்சியிலிருந்து அம்மன் இறங்கி வந்தபோது கூடவே இறங்கிய பரம்பரைப் பூசாரி வம்சம் என்று பதினோராம் பக்கத்தில் மாதையனின் தந்தைவழியைக் குறிப்பிட்டிருந்தார்கள். அவர் தந்தை அடிவாரத்திலிருந்து ஏறிய வம்சம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆவணியில் மணியக்காரர் மகளுக்குக் கல்யாணம். மாதையன் அரிவாளை எடுத்துக்கொண்டுபோய்க் கதவைத் திறந்து, நேரான கொம்பாகப் பார்த்து ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். மணியக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிப் பந்தலில் நட்டார். முகூர்த்தம் முடிகிற வரைக்கும் மணப்பெண்ணுக்கு இரண்டு பேர் நின்று விசிறினார்கள், மாப்பிள்ளை சால்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார்.